உஷார்! முதல் நான்கும் கடைசி நான்கும் சரியாகவே இருக்கும். பணம் மட்டும் திருடனிடம் போய்விடும்!

கிரிப்டோ வாலட்டில் பணம் வைத்திருப்பவர்களுக்கு இது அவசரச் செய்தி. அடுத்து யாருக்காவது யுஎஸ்டிடியோ பிட்காயினோ அனுப்பப் போகிறீர்கள் என்றால், இதைப் படித்து முடிக்கும்வரை ‘சென்ட்’ பட்டனைத் தொடாதீர்கள்.

அனுப்புவதற்கு முன் பெரும்பாலானவர்கள் இரண்டு காரியம் செய்கிறார்கள். ஒன்று, வாலட் முகவரியின் முதல் நான்கு எழுத்தும் கடைசி நான்கு எழுத்தும் சரியா என்று பார்க்கிறார்கள். இரண்டு, தொகை பெரிதாக இருந்தால் முதலில் கொஞ்சம் டெஸ்ட் போட்டு, போய்ச் சேர்ந்ததும் மீதியை அனுப்புகிறார்கள். இரண்டையும் நல்ல பழக்கம் என்றுதான் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் இன்றைக்குத் திருடன் வலை விரிப்பதே இந்த இரண்டு பழக்கத்தையும் நம்பித்தான். முன்னும் பின்னும் மட்டும் பார்ப்பவரைத்தான் அவன் தேடுகிறான். டெஸ்ட் போடுகிறவர் கண்ணில் பட்டால், அடுத்து பெரிய தொகை வரப்போகிறது என்று அவனுக்குத் தெரிந்துவிடுகிறது.

மேச்சேரி, பொட்டனேரி, மேட்டூர், ஓமலூர் என்று எந்த ஊரில் இருந்தாலும் இது நமக்கும்தான். ஸ்டீல் ஆலையில் ஷிப்ட் பார்க்கும் தம்பிகள், தறி ஓட்டும் வீட்டுப் பிள்ளைகள், பெங்களூருவில் வேலையில் இருக்கும் அண்ணன்மார்கள் என யார் போனிலும் இன்று ஒரு வாலட் இருக்கக்கூடும். கிரிப்டோ நல்லதா கெட்டதா என்று வாதாட இது நேரமில்லை. வைத்திருப்பவர் பணத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் இந்த எச்சரிக்கை.

டெஸ்ட் போட்டார்... ஆனாலும் போனது!

2024 மே 3. எத்தீரியம் நெட்வொர்க்கில் பெரும் பணம் வைத்திருந்த ஒருவர், ஒரு புதிய முகவரிக்கு ‘ராப்டு பிட்காயின்’ என்ற, பிட்காயின் மதிப்புள்ள டோக்கனை அனுப்ப நினைத்தார். ஒரேயடியாக அனுப்பிவிடவில்லை. முதலில் 0.05 ஈத்தரை டெஸ்டாக அனுப்பினார். அது சரியாகவே போய்ச் சேர்ந்தது.

அந்த டெஸ்ட்டை ஒரு திருடனின் கம்ப்யூட்டர் கவனித்துக்கொண்டிருந்தது. உடனே அந்தப் புதிய முகவரியைப் போலவே தோன்றும் இன்னொரு முகவரியிலிருந்து, அவருடைய வாலட்டுக்கு வெற்றுப் பரிவர்த்தனை ஒன்று வந்து விழுந்தது. இரண்டு முகவரிக்கும் தொடக்கத்தில் நான்கு எழுத்து ஒன்றே. கடைசி ஆறு எழுத்தும் ஒன்றே. நடுவில் இருந்த எழுத்துகள் மட்டும் வேறு.

பெரிய தொகையை அனுப்பும் நேரம் வந்தது. அவர் வாலட்டின் பரிவர்த்தனை ஹிஸ்டரியைத் திறந்தார். சற்று முன் அனுப்பியதுதானே என்று மேலே இருந்த முகவரியைக் காப்பி செய்தார், அனுப்பினார். 1,155 ராப்டு பிட்காயின். அன்றைய மதிப்பில் சுமார் 6.8 கோடி டாலர். நம் கணக்கில் ஏறத்தாழ 570 கோடி ரூபாய். ஒரே கிளிக்கில் திருடனிடம் போய்ச் சேர்ந்தது.

அந்தச் சம்பவத்தில் பேச்சுவார்த்தைக்குப் பின் திருடன் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்தான். உலகமே கண்வைத்துப் பார்த்த தொகை என்பதால் கிடைத்த அதிர்ஷ்டம் அது. இரண்டு லட்சம், மூன்று லட்சம் இழக்கிற நமக்காக யாரும் அப்படிப் பேச்சுவார்த்தை நடத்தப் போவதில்லை.

அப்போதாவது எல்லோரும் விழித்துக்கொண்டார்களா? இல்லை. 2025 டிசம்பரில் அச்சு அசலாக அதே கதை. இன்னொருவர் 50 டாலர் மதிப்புள்ள யுஎஸ்டிடியை டெஸ்டாக அனுப்பினார். அது சரியான இடத்துக்குப் போனது. பிறகு ஹிஸ்டரியிலிருந்து காப்பி செய்து மீதியை அனுப்பினார். போனது கிட்டத்தட்ட 5 கோடி டாலர், அதாவது சுமார் 450 கோடி ரூபாய். திருடன் அதை உடனுக்குடன் வேறு நாணயமாக மாற்றி, தடயத்தை அழிக்கும் சேவைக்குள் தள்ளிவிட்டான்.

இரண்டு பேருமே டெஸ்ட் போடத் தெரிந்தவர்கள். இரண்டு பேருக்கும் டெஸ்ட் வெற்றி. டெஸ்ட்டுக்கும் பெரிய தொகைக்கும் நடுவில் முகவரியை மறுபடியும் ஹிஸ்டரியிலிருந்து எடுத்தார்களே, அந்த ஒரு இடத்தில்தான் விழுந்தார்கள்.

திருடன் உங்கள் ஹிஸ்டரிக்குள் எப்படி நுழைகிறான்?

இதற்குப் பெயர் ‘அட்ரஸ் பாய்சனிங்’. உங்கள் பரிவர்த்தனைப் பட்டியலில் விஷம் கலப்பது. உங்கள் பாஸ்வேர்டு அவனுக்குத் தேவையில்லை. வாலட்டின் ரகசிய வார்த்தைகளும் தேவையில்லை. உங்கள் போனை அவன் தொடவே மாட்டான்.

பிளாக்செயினில் நடக்கும் ஒவ்வொரு பரிவர்த்தனையும் உலகம் முழுக்கப் பார்க்கும்படி திறந்து கிடக்கிறது. யார் யாருக்கு அடிக்கடி அனுப்புகிறார்கள் என்பதை அவனுடைய ப்ரோகிராம் இரவும் பகலும் கவனிக்கிறது. நீங்கள் வழக்கமாக அனுப்பும் முகவரியைப் போல ஒன்றை அது தயாரிக்கிறது. எத்தீரியம் முகவரியில் எட்டு எழுத்தை ஒத்துப்போக வைக்கச் சராசரியாக 430 கோடி முறை முயல வேண்டும். கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் நல்ல கிராபிக்ஸ் கார்டு போட்ட கம்ப்யூட்டருக்கு அது சில நிமிட வேலைதான்.

போலி முகவரி தயாரானதும் மூன்று வழிகளில் ஒன்றில் அதை உங்கள் பட்டியலில் நுழைக்கிறான்.

முதல் வழி, சில்லறை. ஒரு ரூபாய்கூடப் பெறாத தொகையை அந்தப் போலி முகவரியிலிருந்து உங்களுக்கு அனுப்புவான். ‘யாரோ காசு போட்டிருக்கிறார்கள்’ என்று சந்தோஷப்படாதீர்கள். அது தூண்டிலில் கோர்த்த புழு.

இரண்டாவது வழி, பூஜ்யம். யுஎஸ்டிடி போன்ற டோக்கன்களில், பூஜ்யம் தொகையை ‘உங்கள் வாலட்டிலிருந்து’ வேறொரு முகவரிக்கு மாற்றியதாகப் பதிவு செய்ய உங்கள் அனுமதியே தேவைப்படுவதில்லை. அதனால் நீங்கள் அனுப்பாத ஒன்று, நீங்களே அனுப்பியது போல உங்கள் ஹிஸ்டரியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். இதுதான் மிக ஆபத்து. ‘வந்தது’ என்று காட்டினால் சந்தேகம் வரும். ‘அனுப்பியது’ என்று காட்டினால் யாருக்குச் சந்தேகம் வரும்?

மூன்றாவது வழி, போலி டோக்கன். பெயர் யுஎஸ்டிடி, படம் யுஎஸ்டிடி, தொகையும் நீங்கள் சற்று முன் அனுப்பிய அதே தொகை. ஆனால் அது எவனோ உருவாக்கிய வெற்று டோக்கன். போய்ச் சேர்ந்ததாகக் காட்டும் முகவரி அவனுடையது.

இது எங்கோ ஒன்றிரண்டு பேருக்கு நடக்கும் விஷயம் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், 2022 ஜூலை முதல் 2024 ஜூன் வரை எத்தீரியம், பிஎன்பி என்ற இரண்டு நெட்வொர்க்குகளை மட்டும் ஆராய்ந்தார்கள். இரண்டே ஆண்டில் சுமார் 27 கோடி முறை இந்த விஷம் தூவப்பட்டிருக்கிறது. குறிவைக்கப்பட்ட வாலட்கள் 1.7 கோடி. 6,633 முறை பணம் பறிபோயிருக்கிறது. இழப்பு குறைந்தது 8.38 கோடி டாலர். 27 கோடி முறை தூவி ஆறாயிரத்துச் சொச்சம் முறைதான் பலித்தது என்றாலும் திருடனுக்கு லாபமே. அவனுக்குத் தேவை, அவசரத்தில் இருக்கும் ஒரே ஒரு ஆள்.

மேச்சேரி புதன் சந்தையில் ஆடு பிடிக்கிறவர்களைக் கேட்டால் தெரியும். நம் மேச்சேரி ஆடு எல்லாமே செம்பழுப்பு நிறம், கொம்பு இல்லாதது. தள்ளி நின்று பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். தலையையும் வாலையும் மட்டும் பார்த்து எவராவது பணம் எண்ணிக் கொடுப்பார்களா? பல்லைப் பிடித்துப் பார்த்து, முதுகெலும்பை அழுத்திப் பார்த்துத்தான் விலை பேசுவார்கள். வாலட் முகவரிக்கும் அப்படித்தான் நடு உடம்பைப் பார்க்க வேண்டும். முன்னையும் பின்னையும் ஒத்துப்போக வைத்த திருடனால் நடுவையும் சேர்த்து ஒத்துப்போக வைக்க முடியாது.

‘தப்பான முகவரி என்றால் வாலட்டே சொல்லிவிடுமே?’

பெரும்பாலும் சொல்லாது. பலரும் ஏமாறும் இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் புரிந்துகொள்ளுங்கள்.

பிட்காயின், ட்ரான் முகவரிகளுக்குள்ளேயே ஒரு சரிபார்ப்பு உண்டு. கையால் டைப் செய்யும்போது ஒரு எழுத்து மாறினால், வாலட் ஏற்றுக்கொள்ளாது. எத்தீரியம் முகவரியில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் கலந்து வருவதும் இந்தச் சரிபார்ப்புக்காகத்தான்; எல்லாமே சின்ன எழுத்தாக இருந்தால் அந்தப் பாதுகாப்பும் கிடையாது. இந்த ஏற்பாடுகள் எழுத்துப் பிழையைத்தான் பிடிக்கும். ஆளை மாற்றினால் பிடிக்காது. திருடன் தரும் முகவரியில் எழுத்துப் பிழையே இருக்காது. அது உண்மையான, வேலை செய்கிற, முழுக்கச் சரியான முகவரி. என்ன, அது அவனுடையது, அவ்வளவுதான்.

ஜிபேயில், போன்பேயில் எண்ணைப் போட்டதும் எதிராளியின் பெயர் வருகிறது. பெயர் மாறியிருந்தால் கை நின்றுவிடும். ஆர்டிஜிஎஸ், நெஃப்ட் பரிமாற்றங்களிலும் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் கொண்டுவர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. கிரிப்டோவில் பெயர் வராது. ட்ரான் நெட்வொர்க் என்றால் ஆங்கில ‘டி’யில் தொடங்கும் 34 எழுத்து. எத்தீரியம் என்றால் பூஜ்யம்-எக்ஸ் என்று தொடங்கும் 42 எழுத்து. அந்த எழுத்துகளைத் தவிர உங்கள் பணம் யாரிடம் போகிறது என்பதற்கு வேறு அடையாளமே கிடையாது. அதில் எட்டை மட்டும் பார்த்து, மீதியைக் கடவுள் மேல் பாரம் போட்டுவிட்டால் எப்படி?

காப்பி செய்தது ஒன்று, பேஸ்ட் ஆனது வேறு!

இன்னொரு வகைத் திருடன் உங்கள் போனுக்குள்ளேயோ கம்ப்யூட்டருக்குள்ளேயோ உட்கார்ந்திருப்பான். நீங்கள் ஒரு முகவரியைக் காப்பி செய்ததும், ‘இது வாலட் முகவரி’ என்று கண்டுகொண்டு, பேஸ்ட் செய்வதற்குள் தன் முகவரியாக மாற்றிவிடும் வைரஸ் அது.

2017-லேயே காஸ்பர்ஸ்கி நிறுவனம் இப்படி ஒன்றைப் பிடித்து வெளியிட்டது. 2019 பிப்ரவரியில் ஈசெட் நிறுவனம் இதே வேலையைச் செய்யும் ஆப் ஒன்றைக் கூகுள் ப்ளே ஸ்டோரிலேயே கண்டுபிடித்தது. மெட்டாமாஸ்க் வாலட் என்ற வேஷத்தில் அது இருந்தது. 2023-ல் போலி வாட்ஸ்அப், போலி டெலிகிராம் ஆப்கள் வந்தன. சாட்டில் நீங்கள் அனுப்பும் முகவரியையே நடுவில் மாற்றும் வேலை அவற்றுக்கு.

2025 ஏப்ரலில் வந்த செய்தி இன்னும் பயங்கரம். பிரபல மாடல்களின் பெயரைப் போலவே பெயர் வைத்து விற்கப்படும் சில மலிவு ஆண்ட்ராய்டு போன்களில், பெட்டியைப் பிரிக்கும்போதே போலி வாட்ஸ்அப் ஏற்றப்பட்டிருப்பதை டாக்டர் வெப் நிறுவனம் கண்டறிந்தது. அதில் நீங்கள் உங்கள் முகவரியை அனுப்பினால், உங்கள் திரையில் உங்கள் முகவரியே தெரியும். எதிராளியின் திரையில் திருடனின் முகவரி தெரியும். ‘அனுப்பினேனே, இதோ பார்’ என்று நீங்கள் சொல்வதும் உண்மை. ‘நீ கொடுத்த முகவரிக்குத்தான் போட்டேன்’ என்று அவர் சொல்வதும் உண்மை. பணம் மட்டும் காணாமல் போயிருக்கும். மாமன் மச்சான் உறவே முறிந்துபோகும் அளவுக்குச் சண்டை வரும்.

2025 செப்டம்பர் 8 அன்று நடந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உலகம் முழுக்க வெப்சைட்டுகள் பயன்படுத்தும் 18 மென்பொருள் துணுக்குகளுக்குள் ஒரு திருட்டு ப்ரோகிராம் நுழைக்கப்பட்டது. அவை வாரத்துக்கு 200 கோடி முறைக்கு மேல் இறக்கப்படுபவை. நீங்கள் அனுப்பும் முகவரியை அது பார்க்கும். தன்னிடம் உள்ள பட்டியலில் எது அதற்கு மிக நெருக்கமாகத் தோன்றுகிறதோ அதைப் பொறுக்கி எடுத்து மாற்றும். சீக்கிரமே பிடிபட்டதால் போன பணம் சொற்பம். ஆனால் திருடன் எதை நம்பியிருக்கிறான் என்பதை அது காட்டிக் கொடுத்துவிட்டது: மேலோட்டமாகத்தான் பார்ப்பீர்கள் என்பதை.

திரையே பொய் சொல்லுமா? சொல்லும்!

‘பெரிய கம்பெனிக்காரர்கள் கவனமாகத்தானே இருப்பார்கள்’ என்று கேட்பீர்கள். நம் நாட்டிலேயே நடந்ததைச் சொல்கிறேன். 2024 ஜூலை 18. இந்தியாவின் பெரிய எக்ஸ்சேஞ்ச்களில் ஒன்றான வசீர்எக்ஸின் வாலட்டிலிருந்து 23 கோடி டாலருக்கு மேல், சுமார் 2,000 கோடி ரூபாய் போனது. அந்த வாலட்டை ஒருவர் மட்டும் திறக்க முடியாது. பலர் சேர்ந்து கையொப்பம் போட்டால்தான் பணம் நகரும். அனுமதிக்கப்பட்ட முகவரிகளின் பட்டியலும் இருந்தது. ஆனாலும் போனது. திரையில் காட்டப்பட்டது ஒன்று, உண்மையில் கையொப்பமானது வேறொன்று என்று அந்த நிறுவனமே அறிவித்தது. வட கொரிய ஹேக்கர்களின் வேலை என்று அமெரிக்கா, ஜப்பான், தென் கொரியா ஆகிய மூன்று அரசுகளும் 2025 ஜனவரியில் கூட்டாக அறிவித்தன.

லட்சக்கணக்கான இந்தியர்கள் பணத்தை எடுக்க முடியாமல் ஓராண்டுக்கு மேல் தவித்தார்கள். அவர்களில் தமிழ்நாட்டுக்காரர்களும் உண்டு. அப்படித் தவித்த ஒருவர் போட்ட வழக்கில்தான், 2025 அக்டோபர் 25 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ நாணயமும் ஒரு சொத்துதான் என்று தீர்ப்பளித்தார்.

2025 பிப்ரவரி 21 அன்று பைபிட் எக்ஸ்சேஞ்சில் நடந்தது இதைவிடப் பெரியது. கையொப்பம் போட்டவர்களின் திரையில் சரியான முகவரிதான் தெரிந்தது. உள்ளே இருந்த கட்டளை வேறு. சுமார் 146 கோடி டாலர், 12,000 கோடி ரூபாய்க்கும் மேல் போனது. கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச்களில் நடந்த திருட்டுகளிலேயே பெரியது.

ஒரே திரையை நம்பினால் அந்தத் திரை பொய் சொல்லும்போது நமக்குத் தெரியவே தெரியாது. முகவரியை இரண்டு வெவ்வேறு இடத்தில் பார்த்து ஒப்பிட வேண்டும் என்பதற்கு இவற்றைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

போனால் போனதுதான்

வங்கியில் தவறாகப் போட்டால் மேனேஜரிடம் போகலாம், புகார் எழுதலாம், கணக்கை முடக்கச் சொல்லலாம். பிளாக்செயினில் உறுதியான பரிவர்த்தனையைத் திருப்ப யாராலும் முடியாது. நீங்கள் போய்க் கேட்க அங்கே ஒரு கிளை அலுவலகம் கிடையாது.

வரிச் சட்டமும் கைகொடுக்காது. 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீதம் வரி. அதே ஆண்டு ஜூலை 1 முதல் விற்கும்போது 1 சதவீதம் டிடிஎஸ். ஒரு நாணயத்தில் வந்த நஷ்டத்தை இன்னொன்றில் வந்த லாபத்தில் கழிக்கக்கூட அனுமதி இல்லை. லாபத்தில் அரசுக்குப் பங்கு உண்டு. திருட்டுக் கொடுத்ததைத் தாங்கிக்கொள்ள வேண்டியது நீங்கள் மட்டுமே.

‘சொத்து’ என்று நீதிமன்றம் சொன்னது நல்லதுதான். ஆனால் சொத்தைத் திருடியவன் யார், எந்த நாட்டில் இருக்கிறான் என்று தெரிந்தால்தானே வழக்குப் போட முடியும்? எனவே பணத்தை அனுப்புவதற்கு முன்பே காவல் வேண்டும்.

அனுப்பும் முன் இதைச் செய்யுங்கள்

ஹிஸ்டரியிலிருந்து முகவரியைக் காப்பி செய்யவே செய்யாதீர்கள். இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்தாலே அட்ரஸ் பாய்சனிங்கிலிருந்து தப்பிவிடலாம். சற்று முன் அனுப்பியதாக இருந்தாலும், நூறு முறை அனுப்பிய ஆளாக இருந்தாலும், ஹிஸ்டரி பக்கம் போகாதீர்கள்.

முகவரியை அது பிறந்த இடத்திலிருந்தே எடுங்கள். உங்கள் சொந்த எக்ஸ்சேஞ்ச் கணக்கு என்றால் அதன் ‘டெபாசிட்’ பக்கத்தைத் திறந்து எடுங்கள். இன்னொருவருக்கு என்றால் அவரே தன் வாலட்டின் ‘ரிசீவ்’ பக்கத்திலிருந்து தர வேண்டும். குரூப்பில் யாரோ போட்ட முகவரி, ‘கஸ்டமர் கேர்’ என்று சொல்லிக்கொண்டு டெலிகிராமில் வந்தவன் தந்த முகவரி, எதுவும் ஆகாது.

முகவரி முழுவதையும் ஒப்பிடுங்கள். எத்தீரியத்தில் பூஜ்யம்-எக்ஸை விட்டால் 40 எழுத்து. நான்கு நான்காகப் பிரித்தால் பத்தே தொகுதி. நீங்கள் உங்கள் திரையைப் பார்த்து ஒரு தொகுதியைப் படியுங்கள். பணம் வாங்குபவர் தன் வாலட்டைப் பார்த்து அடுத்த தொகுதியைப் படிக்கட்டும். போன் போட்டு, குரல் கேட்டு, இருவரும் மாறி மாறிப் படித்தால் ஓரிரு நிமிட வேலை. வாட்ஸ்அப்பில் ‘கரெக்டா?’ என்று கேட்டு ‘ஆமா’ என்று பதில் வாங்குவது சரிபார்ப்பு ஆகாது. மாற்றுகிற வைரஸ் அங்கேதான் இருக்கும்.

பேஸ்ட் செய்த பிறகு பாருங்கள். காப்பி செய்யும் முன் பார்த்தது செல்லாது. பேஸ்ட் ஆனதை மறுபடி ஒப்பிட்டால்தான் போனுக்குள் இருக்கும் திருடன் அகப்படுவான்.

சரிபார்த்த முகவரியைப் பெயர் போட்டுச் சேமியுங்கள். பெரும்பாலான வாலட்களில் முகவரிப் புத்தகம் உண்டு. பல எக்ஸ்சேஞ்ச்களில், நீங்கள் அனுமதித்த முகவரிகளுக்கு மட்டுமே பணம் போகும்படி பூட்டி வைக்கும் வசதியும் உண்டு. சில நிமிடம் ஒதுக்கி அதை இன்றே போட்டுவிடுங்கள்.

டெஸ்ட் போடுங்கள், ஆனால் சரியாகப் போடுங்கள். சேமித்த முகவரிக்கு முதலில் சிறு தொகை. வாங்குபவர் தன் வாலட்டைத் திறந்து, வந்த தொகையைப் போனில் சொல்லட்டும். பிறகு அதே சேமித்த முகவரிக்கே பெரிய தொகை. நடுவில் புதிதாகக் காப்பி எடுத்தால், நீங்கள் போட்ட டெஸ்ட்டுக்கு அர்த்தமே இல்லை.

நெட்வொர்க்கைப் பாருங்கள். யுஎஸ்டிடி ட்ரானிலும் உண்டு, எத்தீரியத்திலும் உண்டு, பிஎன்பியிலும் உண்டு. எத்தீரியத்துக்கும் பிஎன்பிக்கும் முகவரி வடிவம் ஒன்றேதான் என்பதால், மாற்றி அனுப்பினாலும் வாலட் தடுக்காமல் போகலாம். எக்ஸ்சேஞ்சுக்கு எக்ஸ்ஆர்பி போன்றவற்றை அனுப்பும்போது ‘டேக்’ அல்லது ‘மெமோ’ எண் கேட்டால் அதையும் சேர்த்துச் சரிபாருங்கள். முகவரி சரியாக இருந்தும் அந்த எண் விட்டுப்போனால் பணம் உங்கள் கணக்கில் ஏறாமல் நின்றுவிடும்.

பெரிய தொகை வைத்திருந்தால் ஹார்டுவேர் வாலட் வாங்குங்கள். அதன் சின்னத் திரை கம்ப்யூட்டரிலிருந்து தனியானது. கம்ப்யூட்டரில் தெரிவதும் அதில் தெரிவதும் ஒன்றாக இருந்தால் மட்டுமே பட்டனை அழுத்துங்கள்.

தானாக வந்து விழும் சில்லறையையும், பெயர் தெரியாத டோக்கனையும் தொடாதீர்கள். ஈத்தர்ஸ்கேன் தளம் பூஜ்யப் பரிமாற்றங்களை 2023 ஏப்ரல் முதலே தானாக மறைத்து வருகிறது. உங்கள் வாலட்டிலும் குப்பையை மறைக்கும் அமைப்பு இருந்தால் அதைப் போட்டு வையுங்கள்.

முகவரி சரி, ஆள் சரியா?

இதையும் சொல்லாமல் விட்டால் எச்சரிக்கை பாதியில் நின்றுவிடும். நாற்பது எழுத்தும் அட்சர சுத்தமாகச் சரியாக இருந்து, அந்த ஆளே மோசடிக்காரன் என்றால் எந்தச் சரிபார்ப்பும் உதவாது. ‘டாஸ்க் முடித்தால் காசு’, ‘இரண்டு மாதத்தில் இரட்டிப்பு’, ‘பணத்தை எடுக்க வேண்டுமானால் முதலில் வரி கட்டுங்கள்’ என்று சொல்லி முகவரி தருபவனுக்கு ஒரு பைசா அனுப்பாதீர்கள். முதலில் கொஞ்சம் லாபம் கொடுத்துக் காட்டுவான். நம்பிப் பெரிதாகப் போட்டதும் காணாமல் போவான். முன்பின் தெரியாதவன் தந்த முகவரியை ஈத்தர்ஸ்கேன், ட்ரான்ஸ்கேன் தளங்களில் போட்டுத் தேடுங்கள். நேற்று முளைத்த முகவரியா, மோசடி என்று குறி விழுந்ததா என்று தெரியும். குறி இல்லை என்பதற்காக நல்லவன் என்று ஆகிவிடாது. குறி இருந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அனுப்பிவிட்டீர்களா? ஒரு நிமிடமும் வீணாக்காதீர்கள்!

‘வீட்டில் தெரிந்தால் திட்டுவார்கள்’, ‘மானம் போய்விடும்’ என்று மூடி மறைப்பவர்களால்தான் திருடன் தப்பிக்கிறான். ஏமாந்தவருக்கு இதில் வெட்கம் வேண்டாம். வேகம்தான் வேண்டும்.

உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் புகார் பதியுங்கள். சேலம் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு நேரிலும் போங்கள். கையில் இருக்க வேண்டியவை: பரிவர்த்தனை ஐடி, உங்கள் முகவரி, பணம் போன முகவரி, தேதி, நேரம், தொகை, நெட்வொர்க், ஸ்கிரீன்ஷாட்கள். சாட்டை அழிக்காதீர்கள். வாலட் ஆப்பை நீக்காதீர்கள்.

நீங்கள் பயன்படுத்திய எக்ஸ்சேஞ்சுக்கும் உடனே எழுதுங்கள். 2023 மார்ச் முதல் இந்தியாவில் இயங்கும் கிரிப்டோ நிறுவனங்கள் பண மோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. போலீஸ் கேட்டால் விவரம் தர வேண்டியவை அவை.

போனது யுஎஸ்டிடி என்றால் ஒரு வாய்ப்பு உண்டு. அதை வெளியிடும் டெதர் நிறுவனத்தால் ஒரு முகவரியையே முடக்க முடியும். 2023 ஆகஸ்ட் 1 அன்று இதே அட்ரஸ் பாய்சனிங்கில் 2 கோடி டாலர் போனபோது, திருடனின் முகவரியை டெதர் முடக்கியது. திருடன் அதை வேறு நாணயமாக மாற்றிவிட்டால் அந்தக் கதவும் மூடிவிடும். எனவேதான் வேகம் என்கிறேன்.

கடைசியாக இன்னொரு ஆபத்து. பணம் போனவரைத் தேடி வரும் இரண்டாவது திருடன். ‘உங்கள் கிரிப்டோவை மீட்டுத் தருகிறோம், முன்பணம் மட்டும் கட்டுங்கள்’ என்பான். ஹேக்கர் என்பான், வக்கீல் என்பான், அதிகாரி என்றும் சொல்வான். வாலட்டின் 12 அல்லது 24 ரகசிய வார்த்தைகளைக் கேட்பான். அவனுக்குப் பணமும் கொடுக்காதீர்கள், அந்த வார்த்தைகளையும் கொடுக்காதீர்கள். மீதி இருப்பதையும் துடைத்துக்கொண்டு போய்விடுவான்.

நம் பக்கத்தில் ஒரு லட்சம் ரூபாய் சேர்க்க எத்தனை ஷிப்ட், எத்தனை பாவு, எத்தனை குட்டி வளர்த்து விற்க வேண்டும் என்று நமக்குத் தெரியும். அந்தப் பணத்தைப் போனில் வைத்திருக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், இன்று இரவே உட்கார வைத்து இரண்டு கேள்வி கேளுங்கள். ‘அனுப்பும்போது முகவரியை எங்கிருந்து எடுக்கிறாய்? எத்தனை எழுத்தைப் பார்க்கிறாய்?’ ஹிஸ்டரியிலிருந்து என்றோ, முன்னும் பின்னும் மட்டும் என்றோ பதில் வந்தால், ஹிஸ்டரியை மூடச் சொல்லி, முழு முகவரியையும் ஒப்பிடும் முறையை அங்கேயே பழக்கிவிடுங்கள். நாளைக்கு என்று தள்ளிப் போடாதீர்கள்!